நெஞ்செரிவு, புண், மாரடைப்பு: மூன்றுக்கும் "கேஸ்ட்ரிக்" என்று ஒரே பெயர் வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்புக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தோம். நேரம் எடுத்து வாசியுங்கள். வாப்பா, உம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஊரில் தொண்டைக்கும் தொப்புளுக்கும் இடையில் என்ன வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்ட்ரிக். நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரிக். வயிறு ஊதினால் கேஸ்ட்ரிக். புளித்த ஏப்பம் வந்தால் கேஸ்ட்ரிக். முதுகில் பிடித்தால்கூட, "வாய்வு ஏறியிருக்கும், கேஸ்ட்ரிக்தான்" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். பாடசாலையில் ஒருவர் நெஞ்சைத் தடவினால் போதும், நாலு பக்கமிருந்தும் நாலு குளிசை வரும். எல்லாம் பாசத்தில் வருவதுதான். ஆனால் ஒரே பெயரில் மூன்று வேறு வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தொந்தரவு மட்டும் தரும். இன்னொன்று மெல்ல மெல்ல இரத்தத்தைக் குறைக்கும். மூன்றாவது ஒரு இரவுக்குள் ஆளையே கொண்டுபோய்விடும்.

சென்ற வருடம் எங்கள் பகுதியில் ஒரு ஜனாஸா. ஐம்பது வயதைத் தாண்டாத மனிதர். பெயர் வேண்டாம், குடும்பத்தார் இதை வாசிப்பார்கள். வலீமாச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, இரவு பதினொரு மணியளவில் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றிருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. "புரியாணி கொஞ்சம் கூடிப்போச்சு, கேஸ்ட்ரிக்காத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லியிருக்கிறார். இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தார். சோடா ஒரு போத்தல் வாங்கிக் குடித்தார். ஏப்பம் வந்தது. "குறைஞ்ச மாதிரி இருக்கு, நீங்க படுங்க" என்று மனைவியைத் தூங்கச் சொல்லிவிட்டு அவரும் படுத்தார். ஸுபஹுக்கு எழுப்பப்போனபோது ஆள் இல்லை.

அஜல் அல்லாஹ்வின் கையில். அதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த வீட்டாரில் யாரையும் குறை சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் எந்த வீடும் அதைத்தான் செய்திருக்கும். ஆனால் மையித்து வீட்டில் நின்ற எல்லோரும், "அவருக்குக் கேஸ்ட்ரிக் தானே இருந்தது" என்றே பேசினார்கள். அந்தப் பேச்சுத்தான் எங்களை எழுத வைத்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். எந்தக் கயிற்றால் கட்டுவது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். ஆகவே பாடப் புத்தகத்தில் உள்ளதிலிருந்தே தொடங்குகிறோம்.

*நெஞ்செரிவு என்றால் என்ன?*

வாயிலிருந்து இரைப்பைக்குச் சாப்பாடு இறங்கும் குழாய்க்குக் களம் என்று பெயர். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளம். பிரிமென்றகட்டில் உள்ள ஒரு துவாரத்தினூடாகக் கீழே போய் இரைப்பையோடு சேருகிறது. சேரும் இடத்தில் வளையம்போல ஓர் இறுக்கித் தசை இருக்கிறது. சாப்பாடு வரும்போது அது தளரும், இறங்கியதும் இறுகும். ஒருவழிக் கதவு மாதிரி.

இரைப்பைக்குள் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். புளிப்பில் தேசிக்காய்ச் சாற்றுக்கு நிகரானது, சில வேளை அதைவிடவும் கடுமையானது. இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படை காக்கிறது. களத்துக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. கதவு தளர்ந்து அமிலம் மேலே வந்தால் களத்தின் சுவர் எரியும். நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிவதால் நெஞ்செரிவு என்கிறோம். பெயரில் நெஞ்சு இருந்தாலும் இருதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடையாளங்கள் இவை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் நடுநெஞ்சில் தீப்பிடித்த மாதிரி எரியும். அந்த எரிவு கீழிருந்து மேலே தொண்டையை நோக்கி ஏறும். குனிந்தால் கூடும், படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். வாயில் புளிப்போ கசப்போ வரும். சிலருக்கு எரிவே இருக்காது. இரவில் வறட்டு இருமல், காலையில் தொண்டைக் கரகரப்பு, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, பல்லின் மேற்பூச்சுத் தேய்வது என்று வேறு வழிகளில் காட்டிக் கொடுக்கும். எங்கள் தொழிலில் குரல் கம்மினால் சோக்குத் தூள் என்போம், பிள்ளைகளோடு கத்தியது என்போம். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் காலையில் மட்டும் குரல் கம்முகிறது என்றால், இரவில் அமிலம் தொண்டைவரை வருகிறதா என்று வைத்தியரிடம் கேட்பது நல்லது.

எப்போதாவது ஒரு நாள் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வந்துகொண்டே இருந்தால்தான் அது வைத்தியம் தேவைப்படும் வருத்தம்.

*புண் வேறு, நெஞ்செரிவு வேறு*

உண்மையில் கேஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பையின் உட்சுவர் அழற்சியடைவது. அது முற்றினால் புண். வலி பெரும்பாலும் நெஞ்சில் இல்லை, மேல்வயிற்றில், விலா இரண்டும் சேரும் குழிக்குக் கீழே.

"நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, கவலையால் வந்தது" என்றுதான் நெடுங்காலம் உலகமே நம்பியது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பெரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு வைத்தியர்கள், பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தப் பற்றீரியா வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் இரண்டு வாரமளவு நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்து அழிக்கிறார்கள். வருடக்கணக்கில் "கேஸ்ட்ரிக்" என்று வாழ்ந்த எத்தனையோ பேருக்கு இந்தச் சிகிச்சையோடு நிம்மதி கிடைத்திருக்கிறது.

புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் நம் வீடுகளில்தான் இருக்கிறது. மூட்டுவலிக் குளிசைகள். டைக்குளோபெனாக், இபுப்ரோஃபென், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் இரைப்பையின் பாதுகாப்புப் படையைக் குறைப்பவை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு மூத்தம்மா முழங்கால் வலிக்குப் பாமசியில் வாங்கிய குளிசையை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். களைப்பு, தலைச்சுற்று என்றார். "வயசு போயிட்டுது, அதுதான்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போவதை அவர் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பேத்திதான் கவனித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கெமரா விட்டுப் பார்த்தபோது புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் எதனால் என்று முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர்.

*இப்போது முக்கியமான இடம்: இருதயம்*

களமும் இருதயமும் நெஞ்சுக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளும் ஏறக்குறைய ஒரே பாதையில் போகின்றன. அதனால் எந்த வீட்டில் நெருப்பு என்று மூளைக்கே குழப்பம் வரும். அனுபவமுள்ள வைத்தியர்கள்கூட ஈசிஜி எடுக்காமல், இரத்தம் சோதிக்காமல் உறுதியாகச் சொல்வதில்லை. பிறகு எப்படி நாம் ஒரு பிளேன்டீயை வைத்துச் சொல்வது?

பொதுவான வித்தியாசங்கள் சில இருக்கின்றன.

நெஞ்செரிவு எரியும், புளிக்கும், குனிந்தால் படுத்தால் கூடும்.

இருதய வலி பெரும்பாலும் எரிவதில்லை. அமுக்கும், இறுக்கும், நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு என்று பரவும். வியர்வை, மூச்சுத் திணறல், ஓங்காளம், சத்தி, தலைச்சுற்று, "எனக்கு என்னவோ செய்யுது" என்ற பயம் கூட வரும். படியேறும்போது, பாரம் தூக்கும்போது, வேகமாக நடக்கும்போது வந்து, நின்றால் குறைகிற வலியும் இருதய வலியாக இருக்கலாம்.

ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வழமைபோல வராமலிருக்கலாம். நெஞ்சு வலியே இல்லாமல் மேல்வயிற்றுப் பாரம், சத்தி, அளவில்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். நம் ஊரில் சீனியும் பிரஷரும் இல்லாத வீடு எத்தனை?

இன்னொன்று. "ஏப்பம் வந்தது, குறைந்தது, அப்போ கேஸ்தான்" என்பது ஆதாரமே இல்லை. சோடாவில் இருப்பதே வாயு. குடித்தால் ஏப்பம் வரத்தான் செய்யும். அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தாலும் அது இரைப்பை அமிலத்தோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை உண்டாக்கும், ஏப்பம் வரும். தரம் பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த இரசாயனம் இது. அந்த ஏப்பம் இருதயத்தைப் பற்றி எந்தச் செய்தியும் சொல்லாது. மாரடைப்பு வலியும் சில நேரம் விட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில் குடித்த எதுவும் மருந்தாகத் தெரியும்.

ஆகவே நெஞ்சில் அமுக்கமோ இறுக்கமோ வந்து சில நிமிடங்களில் போகவில்லை என்றால், கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். இலவசம். நாடு முழுவதும் உண்டு. நோயாளியை நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் ஓட்டிக்கொண்டு போக விடவே விடாதீர்கள். அஸ்பிரின் கொடுப்பதா என்று தொலைபேசியில் பேசுபவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களுக்குள் போட்டால்தான் அதிகம் பயன் தரும். நேரம் போகப்போக இருதயத் தசை செத்துக்கொண்டே போகும். "விடியட்டும் பார்ப்போம்" என்று சொல்லும் அந்த ஆறு மணித்தியாலத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று ஊரில் பேசிப் பார்த்தோம். மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. "இரவில் எல்லாரையும் எழுப்பி என்னத்துக்கு." "ஒண்டுமில்ல என்று டொக்டர் திருப்பி அனுப்பினா வெட்கம்." பெண்கள் சொன்னது, "பிள்ளைகளை யாரிட்ட விட்டுட்டுப் போற."

எங்கள் ஆசிரியை ஒருவர் சென்ற தவணையில் இப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் உடனே கூட்டிக்கொண்டு போனோம். ஈசிஜி சரி. இரத்தப் பரிசோதனையும் சரி. நெஞ்செரிவுதான் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். "உங்களையெல்லாம் கஷ்டப்படுத்திட்டேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கஷ்டமா? ஒன்றுமில்லை என்று தெரிந்ததுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய செய்தி. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேஸ்ட்ரிக் என்று திரும்பி வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

*எதனால் வருகிறது?*

வயிறு முட்டச் சாப்பிடுவது முதற்காரணம். இரைப்பை விரிந்தால் அந்தக் கதவு தளரும். எண்ணெயும் கொழுப்பும் கூடிய சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். கல்யாண வீட்டு ஸஹனில் ஆறு பேரோடு உட்கார்ந்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கே இருக்காது. புரியாணி, பொரித்த கோழி, வட்டிலப்பம், மேலே ஒரு சோடா. இரவு பத்து மணிக்கு முடித்துப் பதினொன்றுக்குப் படுக்கை.

ஒரு பொழுது கொத்து ரொட்டியும் அப்படித்தான். சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது போகாமல் படுத்தால் அமிலம் மேலே வர வழி திறந்துவிடுகிறோம்.

வீட்டுப் பெண்களுக்கு வேறு கணக்கு. எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, கடைசியாகச் சாப்பிட்டு, உடனே களைப்பில் படுப்பது அவர்கள்தான். அவர்களின் நெஞ்செரிவுக்கு வைத்தியம், வீட்டார் நேரத்தோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது.

வயிற்றுப் பகுதி உடற்பருமன் இன்னொரு பெரிய காரணம். உள்ளிருந்து இரைப்பையை அமுக்கும். இறுக்கிக் கட்டிய சாரமும் பெல்ட்டும் வெளியிலிருந்து அமுக்கும். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஓமோன் மாற்றத்தால் கதவு தளர்கிறது, பிந்திய மாதங்களில் கருப்பையும் அமுக்குகிறது. பிள்ளைப்பேற்றின் பின் பெரும்பாலும் தானாகப் போய்விடும். சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே பிரிமென்றகட்டின் துவாரத்தினூடாக மேலே நழுவியிருக்கும்.

சிகரெட் அந்தக் கதவைத் தளர்த்தும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோயோடு களப் புற்றுநோய்க்கும் வழி விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கோப்பி, சொக்லட், புதினா, தேசிக்காய், தக்காளி, கடும் உறைப்பு எல்லாம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால் உங்கள் எதிரி யார் என்று உங்களுக்கே தெரியும்.

பிரஷருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற சில மருந்துகளும் கதவைக் கொஞ்சம் தளர்த்தலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தர வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

*என்ன செய்யலாம்?*

முதலில் காசு செலவில்லாதவை.

ஒரே தடவை நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டித் தந்த அளவு நம் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆவில் கேட்கிறோம். ஸஹனுக்கு முன்னால் உட்காரும்போது நினைவு வர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல்லோ பலகையோ வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் மடியும், வயிறு இன்னும் அமுங்கும். உடம்பு முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். இடது பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பையின் அமைப்பின்படி அமிலம் கதவுக்குக் கீழே நிற்கும். வலது பக்கம் சரிந்து படுக்கத் தொடங்குவது ஸுன்னத் என்பதை அறிவோம். நெஞ்செரிவு கடுமையாக உள்ளவர்கள் பிறகு இடது பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

எடை கூடியவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

வீட்டு வைத்தியத்தை நாங்கள் மறுக்கவில்லை. சீரகத் தண்ணீர், கொத்தமல்லி அவித்த தண்ணீர் குடித்துச் சுகமாக இருந்தால் நல்லது. பால் குடித்தால் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு சிலருக்கு அமிலம் இன்னும் சுரக்கும். அப்பச்சோடாவை வழக்கமாக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் பிரஷர், இருதய, சிறுநீரக நோயாளிகளுக்குக் கேடு.

இனி மருந்து. பாமசியில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது, அமிலத்தை நடுநிலையாக்கும் சப்புகிற குளிசையும் வெள்ளைத் திரவமும். மக்னீசியம், அலுமினியம் ஐதரொட்சைட்டு போன்றவை. சில நிமிடங்களில் வேலை செய்யும், சீக்கிரமே தீர்ந்தும்விடும். தைரொயிட் குளிசை, இரும்புக் குளிசை, சில நுண்ணுயிர்கொல்லிகளை உடம்பு உறிஞ்ச விடாது. இரண்டு மணித்தியாலமாவது, தைரொயிட் குளிசைக்கு நாலு மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும்.

இரண்டாவது, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபெமோடிடின் போன்றவை. பழைய ரனிடிடின் குளிசை வீட்டில் எங்காவது கிடந்தால் எறிந்துவிடுங்கள். புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மாசு அதில் காணப்பட்டதால், 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அதைச் சந்தையிலிருந்து முழுமையாக எடுக்கச் சொன்னது.

மூன்றாவது, ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பன்டொப்ரசோல். நம் ஊரில் மிட்டாய்போல வாங்கும் மருந்து இதுதான். நல்ல மருந்து. ஆனால் எரியும்போது போடுகிற மருந்து இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன் எடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். பெரும்பாலும் நாலு முதல் எட்டு வாரம் என்று கணக்கு வைத்துத்தான் வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். பரிசோதனை இல்லாமல் வருடக்கணக்கில் விழுங்கினால் விற்றமின் பி12, மக்னீசியம் குறையலாம். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடச் சுரந்து, "மருந்து இல்லாமல் ஏலாது" என்ற எண்ணத்தை உண்டாக்கும். வைத்தியர் சொல்லும் முறையில் குறைக்க வேண்டும். இருதயத்துக்கு குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் ஒமெப்ரசோலோ எசோமெப்ரசோலோ தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. அது இருதய மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கீழே உள்ள எதுவும் இருந்தால் பாமசிக்கு அல்ல, வைத்தியரிடம் போக வேண்டும்:

– விழுங்கும்போது தடைபடுவது, அல்லது வலிப்பது
– காரணமில்லாமல் எடை குறைவது
– இரத்தச் சத்தி, கோப்பித் தூள் மாதிரிச் சத்தி
– தார்போலக் கறுத்த மலம்
– இரத்தக் குறைவு, விடாத சத்தி
– ஐம்பத்தைந்து வயதுக்குமேல் முதன்முறையாகத் தொடங்கிய நெஞ்செரிவு
– சில வாரம் மருந்து எடுத்தும் குறையாதது

வருடக்கணக்கில் அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் களத்தின் உட்சுவர் மாறி, அரிதாகப் புற்றுநோய் வரை போகலாம். கெமரா விட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. பயப்பட ஒன்றுமில்லை.

*நோன்பு மாதத்துக்கு*

நோன்பு நெஞ்செரிவைக் கூட்டுவதில்லை. நோன்பு திறந்தபின் நடப்பதுதான் கூட்டுகிறது.

ஈச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து மஃரிபைத் தொழுதுவிட்டு வாருங்கள். அந்தச் சிறு இடைவெளி இரைப்பைக்குப் பெரிய உதவி. பள்ளிக் கஞ்சி நல்லதுதான். அதன் பின்னால் வரும் சமோசா, ரோல்ஸ், கட்லட் வரிசையில் ஒன்றோடு நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டை முடிந்தால் தராவீஹுக்குப் பிறகு, கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 ரக்அத் தொழுதால் 40 தடவை ஸுஜூது. வயிறு முட்ட வைத்துக்கொண்டு 40 தடவை தலையைத் தாழ்த்தினால் அமிலம் எங்கே போகும்? "ஸுஜூதில் நெஞ்செரியுது" என்று கதிரையில் தொழும் சிலருக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினாலே போதுமாக இருக்கும்.

ஸஹரை விடாதீர்கள், அதில் பரக்கத் இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட கையோடு படுக்க வேண்டாம். ஸுபஹ் தொழுது, கொஞ்சம் ஓதி, உட்கார்ந்தே இருந்துவிட்டுப் படுங்கள். பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் காலையிலேயே "நெஞ்செரியுது சேர்" என்று வருவதற்குக் காரணம், ஸஹருக்குப் பிறகு போட்ட அந்த ஒரு மணித்தியாலத் தூக்கம்தான் பல நேரம்.

மருந்து எடுப்பவர்கள் இப்போதே வைத்தியரிடம் போய், ஸஹருக்கு முன்னா, நோன்பு திறந்தபின்னா என்று நேரத்தைக் கேட்டு வையுங்கள். புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் வைத்தியரையும் ஆலிமையும் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ். அதை எடுத்துக்கொள்வதில் ஈமான் குறைவில்லை.

பகலில் நோன்போடு இருக்கும்போது நெஞ்சு அமுக்கி வியர்த்தால், "நோன்பு திறக்கும்வரை பொறுப்போம்" என்றும் இருக்க வேண்டாம். உயிர் முதலில். நோன்பைக் கழாச் செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனிமேல் வீட்டில் யாராவது "எனக்குக் கேஸ்ட்ரிக்" என்றால் குளிசையைத் தேட முன் மூன்று கேள்வி கேளுங்கள். எரியுதா, அமுக்குதா? வியர்க்குதா, மூச்சு வாங்குதா? கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போகுதா? அமுக்குது, வியர்க்குது, பரவுது என்ற பதிலில் ஒன்று வந்தாலும் அடுப்பில் தண்ணீர் வைக்காதீர்கள். 1990ஐ அழுத்துங்கள். பதில் எதுவும் வராமல், சீனியோ பிரஷரோ உள்ளவர் "என்னவோ செய்யுது" என்று மட்டும் சொன்னாலும் அதையே செய்யுங்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தில் இருப்பவரை எழுப்பி, "வாங்க காக்கா, போய்க் காட்டிட்டு வருவோம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். நம் தெருவில் அந்த ஒருவராக நாம் இருப்போம்.

குடும்பக் குழுக்களில் பகிருங்கள். மறைந்த அந்தச் சகோதரருக்கு அல்லாஹ் ஜன்னத்துல் ஃபிர்தௌஸைக் கொடுப்பானாக. நோயோடு இருக்கும் எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. வரும் றமழானைச் சுகத்தோடு அடைய நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.